பழைய ரூட்டரை மாடிக்கு ஏற்றினால் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளில் பழைய ரூட்டர் பரணில் கிடக்கும். ஹாலில் மாட்டிய புதுப் பெட்டியின் சிக்னல் மாடி அறைக்கு ஏறவில்லை என்றதும்தான் அதன் ஞாபகம் வரும். நம் வீடுகளின் கட்டுமானமும் வைஃபைக்கு ஆகாது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், போகிற வழியில் ஒரு ஸ்டீல் பீரோ. இத்தனையும் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஓய்ந்துவிடும்; 2.4 தாண்டும், ஆனால் வேகம் இருக்காது. கேபிள் ஒன்றை மேலே இழுத்து அதன் முனையில் பழைய ரூட்டரை வைப்பது நல்ல யோசனைதான். வைத்த பிறகு வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: அந்தப் பெட்டி இன்னும் ரூட்டர் வேலையையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை அந்த வேலையிலிருந்து விடுவித்து, ஆன்டெனா வைத்த வெறும் சுவிட்ச்சாக மாற்றுவதுதான் விஷயமே.

முதலில், சரியாக அமைத்தால் எப்படி இருக்கும்

கீழேயுள்ள பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். ஜியோஃபைபர் பெட்டியில் அது 192.168.29.1 ஆக இருக்கும். டி-லிங்க் போன்ற பல ரூட்டர்களில் 192.168.0.1. உங்களுடையது எது என்பதை ஃபோனின் வைஃபை விவரங்களில் 'கேட்வே' என்ற வரியில் பார்க்கலாம். பழைய ரூட்டரின் லேன் (வீட்டுக்குள்ளான நெட்வொர்க்) முகவரி அதே வரிசையில் வேறு எண்ணாக, 192.168.1.2 என்று இருக்க வேண்டும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. வைஃபையில் சேரும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் அணைந்திருக்க வேண்டும். கேபிள், கீழ்ப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து மேல் ரூட்டரின் லேன் போர்ட்டுக்குப் போக வேண்டும். மற்றவற்றிலிருந்து தள்ளி, வேறு நிறத்தில் இருக்கும், வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டைத் தொடவே வேண்டாம்.

உங்கள் ரூட்டரின் மெனுவில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (கேபிளில் வருவதை வைஃபையாக மட்டும் தரும் முறை) என்று ஒன்று இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் டிஹெச்சிபியை அதுவே அணைத்துவிடும், வேன் போர்ட்டும் சாதாரண போர்ட்டாக மாறிவிடும். லேண்ட்லைன் பிராட்பேண்ட் காலத்து டிஎஸ்எல் மோடம்தான் கையில் இருக்கிறது என்றாலும் தூக்கிப்போடாதீர்கள். அதில் வேன் போர்ட்டுக்குப் பதில் டெலிஃபோன் ஒயர் சொருகும் ஓட்டைதான் இருக்கும். அதை மறந்துவிட்டு லேன் போர்ட்டை மட்டும் பயன்படுத்தினால், வைஃபை உள்ள மோடம் ஆக்சஸ் பாயின்ட்டாக நன்றாகவே ஓடும்.

மாற்றும் வரிசையும் முக்கியம். கீழ்ப் பெட்டியோடு இணைக்காமல், லேப்டாப்பை மட்டும் பழைய ரூட்டரில் சொருகி, முதலில் லேன் முகவரியை மாற்றுங்கள். அது ரீபூட் ஆகி வந்ததும் புது முகவரியில் உள்ளே போய் வைஃபை பெயர், பாஸ்வேர்டு. கடைசியாகத்தான் டிஹெச்சிபி. அதை முதலிலேயே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி தர ஆள் இல்லாமல் பாதியில் நிற்பீர்கள்.

செட்டிங்ஸ் பக்கமே திறக்கவில்லை

பழைய பாஸ்வேர்டு நினைவில் இல்லை என்றால் ரீசெட்தான். ரூட்டரில் கரண்ட் இருக்கும்போதே, பின்னாலுள்ள சின்ன ஓட்டையில் ஊக்கையோ சிம் எடுக்கும் பின்னையோ விட்டு, எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து எரியும்வரை பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் யூசர்நேமும் இருக்கும். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் அட்மின், அட்மின் என்று போட்டுப் பாருங்கள். சில ரூட்டர்களில் பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாகவே விட வேண்டும்.

ஃபோனில் முயல்கிறவர்கள் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் ஃபோன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், 192.168.0.1 அங்கே எப்படி வரும்? இன்னொன்று, பழைய ரூட்டர்களுக்கு ஹெச்டிடிபிஎஸ் தெரியாது. பிரவுசர் தானாகவே அதைச் சேர்த்துக்கொண்டு 'பாதுகாப்பற்றது' என்று பயமுறுத்தினால், முகவரிக்கு முன்னால் ஹெச்டிடிபி என்று நீங்களே தட்டுங்கள்.

எல்லாம் அமைத்து முடித்த பிறகு பக்கம் திறக்கவில்லை என்றால், நீங்கள் பழைய முகவரியைத் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பெட்டி 192.168.1.2-க்குக் குடிபோய்விட்டது. அதுவும் வரவில்லையென்றால் லேப்டாப்புக்கு 192.168.1.50 என்று கையாலேயே ஒரு முகவரி கொடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

வைஃபை சேர்கிறது, ஆனால் 'ஐபி முகவரி பெறுகிறது' என்றே நிற்கிறது

லேப்டாப்பில் பார்த்தால் முகவரி 169.254 என்று தொடங்கும். யாரும் முகவரி தராததால் கணினி தனக்குத் தானே சூட்டிக்கொண்ட எண் அது. மேல் ரூட்டரில் டிஹெச்சிபி அணைந்திருக்கிறது. கீழ்ப் பெட்டியின் குரல் மேலே எட்டவில்லை. ஆகவே பார்க்க வேண்டியது கேபிளை.

இரண்டு முனையிலும் லேன் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கேபிள் முனையில் அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) பிளக்கை மாற்றுங்கள். எரிந்தும் வரவில்லை என்றால், மேலே வேன் போர்ட்டில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கீழ்ப் பெட்டியில் வேறு லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு போர்ட்டை டிவி சேவைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதில் எதைச் சொருகினாலும் நெட் வராது.

சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. நேற்று வந்தது, இன்று இல்லை

ஆளை அதிகம் குழப்புவது இதுதான். அப்பாவின் ஃபோனில் நெட் ஓடும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மகளின் லேப்டாப்பில் 'இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை' என்று வரும். ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும், மறுநாள் வேறு யாருக்காவது போகும். சேவை நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தால் ஆள் வந்து கீழே சோதித்துவிட்டு 'லைன் நல்லாத்தான் சார் இருக்கு' என்று போய்விடுவார். அவர் சொல்வது சரிதான், லைனில் கோளாறே இல்லை.

வீட்டில் இரண்டு டிஹெச்சிபி சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கதவு எண் எழுதிக்கொண்டு போவது போல. ஒரு ஃபோன் வைஃபையில் சேர்ந்ததும், 'எனக்கு முகவரி வேண்டும்' என்று பொதுவாகக் கூவுகிறது. இரண்டு பெட்டியும் பதில் சொல்லும். பொதுவாக முந்திக்கொண்ட பதிலையே ஃபோன் எடுத்துக்கொள்கிறது. கீழ்ப் பெட்டி முந்தினால் நெட் உண்டு. பழைய ரூட்டர் முந்தினால் அது 'வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ' என்று தன்னையே கேட்வேயாகக் கொடுக்கும். அதன் வேன் போர்ட்டோ காலி. வழி அங்கேயே முடிந்துபோகிறது.

உறுதி செய்வது எளிது. நெட் வராத ஃபோனை எடுத்து, வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, கேட்வே வரியைப் பாருங்கள். 192.168.1.1 என்று இருந்தால் இந்தக் கோளாறு இல்லை. 192.168.1.2 என்றோ, முற்றிலும் வேறு வரிசையிலோ இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். மேல் ரூட்டரில் போய் டிஹெச்சிபி சர்வரை 'டிஸேபிள்' செய்து, 'சேவ்' அழுத்தி, ரீபூட் செய்யுங்கள். மூன்றும் வேண்டும், சில மாடல்களில் சேவ் செய்தாலும் ரீபூட் ஆகும்வரை மாற்றம் அமலுக்கு வராது.

அணைத்த பிறகும் சில ஃபோன்களில் தொல்லை நீடிக்கும். முகவரி என்பது தவணைக்குக் கொடுப்பது. ரூட்டரைப் பொறுத்து சில மணி நேரமோ ஒரு நாளோ செல்லும். தவணை முடியும்வரை ஃபோன் அந்தத் தப்பு முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வைஃபையை ஃபோனில் 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் போதும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பெட்டிக்குமே முகவரி 192.168.1.1 ஆக இருப்பது. அப்போது செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஒருமுறை ஃபைபர் பெட்டியின் பக்கம் வரும், இன்னொருமுறை பழைய ரூட்டரின் பக்கம் வரும். அதைக் கண்டுவிட்டால் வேறு சோதனையே வேண்டாம், பழையதின் எண்ணை மாற்றுங்கள். மாற்றும் எண் கீழ்ப் பெட்டி பிறருக்கு வழங்கும் வரிசைக்குள் இருக்கக் கூடாது. கீழ்ப் பெட்டி 2-இலிருந்தே வழங்குகிறது என்றால், அதன் செட்டிங்கில் தொடக்க எண்ணை 20 என்று ஆக்கிவிட்டால் முன்னாலுள்ள எண்கள் உங்களுக்குச் சொந்தம்.

நெட் வருகிறது, ஆனால் கீழேயுள்ள பிரின்டரோ டிவியோ தெரியவில்லை

யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், மாடியிலிருந்து பிரின்ட் மட்டும் போகாது. ஹால் டிவிக்கு காஸ்ட் செய்ய ஃபோனில் டிவியின் பெயரே வராது. கேபிள் வேன் போர்ட்டில் இருக்கிறது. மாடி தனி நெட்வொர்க்காகவும் கீழ்வீடு தனி நெட்வொர்க்காகவும் பிரிந்துவிட்டன. மாடியில் முகவரி 192.168.0 வரிசையிலும் கீழே 192.168.1 வரிசையிலும் இருக்கும். வெளியுலகத்துக்குப் போகும் எல்லாம் இரண்டு முறை முகவரி மாற்றிக்கொண்டு போவதால் சில ஆன்லைன் கேம்களும் முரண்டுபிடிக்கும். டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

வரிசை ஒன்றாகவே இருந்தும் தெரியவில்லை என்றால் வைஃபை செட்டிங்கில், கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாத 'ஏபி ஐசோலேஷன்' என்ற டிக் விழுந்திருக்கும். எடுத்துவிடுங்கள். ஹாலில் டிவியை கெஸ்ட் வைஃபையில் சேர்த்து வைத்திருந்தாலும் இதே கதைதான்.

சொருகியதும் வீடு முழுக்க நெட் போய்விட்டது, விளக்கெல்லாம் படபடவென்று அடிக்கிறது

இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு கேபிள் போயிருக்கிறது. அல்லது ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே சுவிட்ச்சில் சொருகியிருக்கிறீர்கள். தகவல் சுற்றிச் சுற்றியே வந்துகொண்டிருக்கும், வீட்டுச் சுவிட்ச்சுகளுக்கு அதை நிறுத்தத் தெரியாது. ஒன்றைப் பிடுங்கினால் சில விநாடியில் அடங்கிவிடும்.

மாடியில் வேகம் வரவில்லை

இதில் எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருக்கும். வேகச் சோதனையில் வரும் எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுமார் 94 எம்பிபிஎஸ் வந்து அதற்கு மேல் அசையவில்லை என்றால் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. பழைய ரூட்டர்களில் பெரும்பாலும் அப்படித்தான். அது கோளாறு இல்லை, அதன் உயரம் அவ்வளவுதான். இரண்டு பெட்டியும் கிகாபிட் என்று தெரிந்தும் இப்படி வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு ஒயரும் வேண்டும், 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். மற்ற நான்கில் ஏதோ ஒரு ஒயர் கிரிம்ப்பில் சரியாக உட்காராமல் போனால் இணைப்பு அறுந்துவிடாது, 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இது கண்ணில் படாமல் வருடக்கணக்கில் தப்பிக்கிறது. விலை குறைந்த கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். மாடிக்கு இழுக்கிற நீளத்துக்கு முழுச் செம்பு கேட்5இ வாங்குங்கள்.

30, 40 என்று வந்தால் ரூட்டரின் வைஃபை தலைமுறையைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும் ஒற்றை ஆன்டெனா ரூட்டர், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 72 எம்பிபிஎஸ் அளவில்தான் பேசும். அதில் பாதி கையில் கிடைத்தாலே நல்ல வரவு. வீடியோ பார்க்க, ஆன்லைன் வகுப்புக்கு அது தாராளம். 40 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் கூடும் என்று சொல்வார்கள். அடுக்குமாடியில் அதைச் செய்யாதீர்கள், 2.4-இல் அவ்வளவு அகலம் காலியாகக் கிடைக்காது. பக்கத்து வீடுகளோடு மோதி, இருப்பதும் போகும். சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். கீழ்ப் பெட்டி 1-இல் இருந்தால் மேலே 6 அல்லது 11.

இருபதைத் தாண்டவே மாட்டேன் என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். அதிகம் பேர் கவனிக்காத இடம் இது. டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய முறைகள் இருந்தால், 802.11என் என்ற வைஃபை தலைமுறையின் வேகங்களை அந்த முறைகளோடு தருவதற்குத் தரநிலையிலேயே இடமில்லை. ரூட்டர் பழைய 54 எம்பிபிஎஸ் காலத்துக்கு இறங்கிவிடும். 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்' என்று மட்டும் வையுங்கள். டிகேஐபியும் ஏஇஎஸ்ஸும் கலந்த தேர்வு வேண்டாம். ஐஃபோனில் 'பாதுகாப்பு பலவீனம்' என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால் அதுவும் இதோடு நின்றுவிடும்.

கேபிள் இல்லாமல், கீழ் வைஃபையையே வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ரிப்பீட்டர் முறையில் ஓட்டுகிறீர்கள் என்றால் வேகம் பாதியாவது இயல்பு. கீழிருந்து வாங்குவதும் உங்களுக்குக் கொடுப்பதும் ஒரே ரேடியோ, ஒரே சேனல். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

மாடிக்கு வந்தும் ஃபோன் கீழ் வைஃபையையே பிடித்துக்கொண்டிருக்கிறது

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை வைத்தால் ஃபோன் தானே மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்பதை ஃபோன்தான் முடிவுசெய்கிறது, ரூட்டர் அல்ல. ஒரு கோடு சிக்னல் இருக்கும்வரை பழையதை விட மனம் வராத ஃபோன்கள் உண்டு. கீழ்ப் பெட்டியின் 2.4 ஒலிபரப்புத் திறனை 'மீடியம்' ஆக்கிப் பாருங்கள். மாடியில் அதன் சிக்னல் தேய்ந்ததும் ஃபோன் மேலேயுள்ளதைத் தேடும். வீட்டில் பெரியவர்கள் இருந்து, 'எந்த வைஃபை, எந்த வைஃபை' என்று கேட்பார்கள் என்றால் ஒரே பெயர்தான் நல்லது. உங்களுக்குப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், சோதிக்கும் காலத்துக்கு மட்டும் மேலே வேறு பெயர் வைத்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

அடிக்கடி தானாக அணைந்து எரிகிறது

அடாப்டர். பத்தில் எட்டு முறை என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் கை வைக்க வேண்டியது அங்கேதான். பரணில் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்த அடாப்டர், சும்மா இருக்கும்போது சரியான வோல்ட் காட்டும். நான்கு பேர் வீடியோ பார்க்கத் தொடங்கி ரூட்டர் அதிகக் கரண்ட் இழுத்ததும் தளர்ந்துவிடும். அதனால்தான் பகலில் நன்றாக இருந்து ராத்திரியில் அணைகிறது.

மாற்றும்போது ரூட்டரின் அடியில் போட்டிருக்கும் வோல்ட்டேஜும் அடாப்டரின் வோல்ட்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் போடாதீர்கள். கரண்ட் போனால் உதவட்டும் என்று வாங்கும் மினி யுபிஎஸ்ஸில் இந்தத் தப்பு அதிகம் நடக்கிறது. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுவே ப்ளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்ன வட்டப் படமும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். புது அடாப்டர் போட்டும் நிற்கவில்லை என்றால் உள்ளே கெபாசிட்டர் தலை உப்பியிருக்கும். ரிப்பேர் கடைக்காரர் மாற்றித் தருவார்.

இடி இடித்த மறுநாள் கேபிள் வேலை செய்யவில்லை

மொட்டை மாடி வழியாகக் கேபிள் போன வீடுகளில் இது நடக்கும். சொருகியிருந்த லேன் போர்ட் மட்டும் செத்திருக்கும், மற்றவை பிழைத்திருக்கலாம். அடுத்த போர்ட்டில் சொருகிப் பாருங்கள். வெளியே போகும் கேபிளை மழைக்காலத்தில் இரு முனையிலும் கழற்றி வைப்பதுதான் நம்பகமான வழி. முடிந்தால் வீட்டுக்குள்ளேயே இழுங்கள், ஆனால் 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்க வேண்டாம்.

கேபிள் இழுக்க வழியே இல்லை, ரிப்பீட்டராகச் சேரவும் மாட்டேன் என்கிறது

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது, வேறு வழியில்லை. கீழ்ப் பெட்டியில் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருந்தால் பழைய ரூட்டருக்கு அது புரியாது, டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். பழையது 2.4 மட்டும் உள்ளதென்றால் கீழே 2.4 ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கீழ்ச் சேனல் ஆட்டோவில் மாறிக்கொண்டே இருந்தால் சில மாடல்களில் இணைப்பு அறுந்துபோகும், அதையும் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். மெனுவில் டபிள்யூடிஎஸ் (இரண்டு ரூட்டர்களை வைஃபை வழியாக இணைக்கும் பழைய முறை) மட்டும் இருந்தால் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் அது வேண்டும், சேவை நிறுவனங்கள் தரும் ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். சிக்னலே வராத அறையில் ரிப்பீட்டரை வைத்தால் அது எதைத் திருப்பிக் கொடுக்கும்? ஃபோனில் இன்னும் இரண்டு மூன்று கோடு இருக்கிற இடத்தில், மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள். பீரோவுக்குப் பின்னாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்திலும் ரிப்பீட்டர் முறை ஒரு படி கீழேதான். 2017-இல் வெளிவந்த 'க்ராக்' என்ற டபிள்யூபிஏ2 ஓட்டை, வைஃபையில் போய்ச் சேரும் கருவிகளைத்தான் அதிகம் பாதித்தது. ரிப்பீட்டராகும்போது உங்கள் ரூட்டரும் அப்படி ஒரு கருவியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஃபர்ம்வேர் (ரூட்டரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு வராத மாடல் என்றால் ஓட்டை அப்படியே திறந்துதான் இருக்கும். கேபிளில் வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக ஓடினால் இந்தக் கவலை பெரிதும் குறைவு. எந்த முறையானாலும், பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று மென்பொருளைப் போட்டால் பழைய ரூட்டருக்கு மறுவாழ்வு என்று ஆர்வமாக இருப்பவர்கள், முதலில் அதன் ஃபிளாஷும் ராமும் எவ்வளவு என்று பார்க்கவும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ளவற்றுக்கு இப்போதைய பதிப்புகள் இல்லை. ஒரே மாடல் பெயரில் வன்பொருள் பதிப்பு மாறினால் உள்ளேயிருக்கும் சிப்பும் மாறியிருக்கலாம். ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

வைஃபை பகுதியே செத்துவிட்ட ரூட்டர் என்றால் டிஹெச்சிபியை அணைத்து, டிவிக்கும் கணினிக்கும் நடுவில் நான்கு போர்ட் சுவிட்ச்சாக வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஓடத் தொடங்கியதும் 192.168.1.2 என்ற எண்ணையும் புது அட்மின் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டி, செட்டிங்ஸ் பக்கத்தில் 'பேக்அப்' இருந்தால் ஒரு நகலையும் எடுத்து வையுங்கள். விருந்தாளி வீட்டுக் குழந்தை ரீசெட் பட்டனை அழுத்தினால் டிஹெச்சிபி மறுபடி உயிர்பெறும், அப்போது இரண்டும் தேவைப்படும்.